மலையிலிருந்து இறக்கி வந்த வீடு

“வேலையை எடு புள்ள, ஆரு வேணாமெண்டது? ஆனா அந்த வயல்வெளிக்குள்ள நீ ஆரோட கதைப்பாய்?”

அம்மா இதைக் கேட்டபோது நான் ஒரு மலைவிடுதியின் பின்பக்கத்தில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அந்த விடுதியில் கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மலைக்கு நன்றி சொன்னேன்.

ஒஸ்லோவில் ஆசிரியப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடங்களாக நான் ‘விகார்’ ஆக இருந்தேன். யாராவது ஓர் ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றால் காலையில் தொலைபேசி அடிக்கும். அன்றைக்கு ஒரு வகுப்பு எனக்குச் சொந்தம். அடுத்த நாள் அவர் சுகமாகி வந்துவிடுவார். “மற்றவனுக்கு வருத்தம் வரவேணுமெண்டு கும்பிடுற உத்தியோகம்” என்று அப்பா பகிடி பண்ணுவார். நிரந்தர இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும் கோடையில் மலைக்கு வந்து, விடுதியில் சாப்பாடு பரிமாறினேன். செப்டெம்பர் வந்தும் அங்கேயே நின்றுவிட்டேன். அப்போதுதான் ஹெட்மார்க்கன் சமவெளியில் உள்ள ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட அதிபர் அழைத்தார். இலையுதிர்கால விடுமுறைக்குப் பிறகு எனக்கு நிரந்தர இடம் தரலாம், திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும் என்றார். அந்தக் கிராமத்தில் ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு வாசலுக்குள்ளேயே நான்கு தமிழ்க் குடும்பங்கள்.

நான் பெருமைக்காரி. அதை ஒளித்து எழுத எனக்குத் தெரியாது. என் அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இரண்டு பேரும் மட்டக்களப்புக்கு மேற்கே, படுவான்கரையில், பிறர் வயலில் கூலி செய்தவர்கள். அப்பா முதலில் வந்து வடக்கு நோர்வேயில் மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அலுவலகங்கள் துடைத்தார். நானும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. பதினொரு வயதில் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்தேன். பக்கத்து வீட்டு அன்ரிமார்கூடக் கடிதத்தோடு வந்து நின்றார்கள். அப்படி வாசித்து வாசித்து வளர்ந்தவள், இனி மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கப் போகிறேன், அதுவும் அவர்களின் சொந்த மொழியை. அதற்கு இடம் தருகிறோம் என்று கேட்டவர்களுக்கு, அங்கே கதைக்க ஆளில்லை என்று சொல்லி மறுப்பதா? மறுத்தால் திரும்பவும் காய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டும். ஏற்றால் அம்மாவின் கேள்வியோடு இருக்கவேண்டும்.

விடுதியின் சமையற்காரி துரிட், அறுபதைத் தாண்டியவர், குசினித் தரையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ‘போபில்’ இருந்தது. ஊரில் வாசிப்பவர்களுக்குச் சொல்வதானால், அது கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ள, சில்லுப் பூட்டிய வீடு. நோர்வேக்காரர் செங்கல் வீட்டைப் பூட்டிவிட்டு இந்த வீட்டில் ஏறிக் கோடை முழுதும் அலைவார்கள். குளிர் தொடங்கும்போது அதைக் கமக்காரர் ஒருவரின் களஞ்சியத்துக்குள் கொண்டுபோய் விடுவார்கள். நாங்கள் நெல் மூட்டை அடுக்குகிற இடத்தில் இவர்கள் ஒரு வீட்டை வைத்துப் பூட்டுகிறார்கள். துரிட்டின் தம்பி எகில் கமம் செய்வது அதே ஹெட்மார்க்கனில்.

“நீ எப்படியும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கத்தானே வேணும்? இதை ஓட்டிக்கொண்டு போய் எகிலின் களஞ்சியத்தில் விடு. வழியில் படுத்தெழும்பிப் போ,” என்று துரிட் திறப்பைத் தந்தார்.

“நான் இவ்வளவு பெரிய வாகனம் ஓட்டினதில்லை.”

“நானும் முதல் தரம் ஓட்டும்வரைக்கும் ஓட்டினதில்லை.”

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டேன். மலை உச்சியில் மரங்கள் கிடையாது. கல்லும் பாசியும் சிவந்துபோன பற்றைகளும்தான். றோட்டு ஒடுக்கம். எதிரே ஒரு போபில் வந்தது. அதை ஓட்டியவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சற்றுத் தள்ளி இன்னொன்று. அதிலிருந்த மனுசனும் மனுசியும் சேர்ந்து கையைத் தூக்கினார்கள். மூன்றாவது வண்டிக்காரரும் தூக்கினார். வண்டியில் எதுவோ பிழை. காஸ் கதவு திறந்து கிடக்கிறதா? மடிப்புப் படியை உள்ளே தள்ள மறந்தேனா? ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, இறங்கி, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அடுத்து வந்த வண்டி நின்றது. தொப்பி போட்ட ஒரு வயதான மனிதர் கண்ணாடியை இறக்கினார்.

“ஏதும் பிரச்சினையா?”

“தெரியவில்லை. எல்லாரும் எனக்குக் கையைக் காட்டிக்கொண்டு போகிறார்கள்.”

அவர் என்னை ஒருதரம் பார்த்தார், வண்டியை ஒருதரம் பார்த்தார். “அது வணக்கம்,” என்றார். “போபில்காரர் போபில்காரருக்குச் சொல்லுறது.” கண்ணாடியை ஏற்றுமுன் அவரும் எனக்குக் கையைத் தூக்கினார்.

ஒஸ்லோவில் பதினேழு வருடம் வாழ்ந்தவள் நான். ரொம்மனிலிருந்து சுரங்க ரயிலில் ஏறினால், நிற்க இடமில்லாத நேரத்திலும் என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். மாடிப்படியில் எதிர்ப்படும் கிழவர் நான் கடந்து போகும்வரை தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது வெறுப்பு இல்லை, மற்றவரைக் குழப்பாமல் இருப்பது இவர்களின் மரியாதை என்று எனக்குப் பழகிவிட்டது. ஆனால் மலையில் இதே மனிதர்கள் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். நடைபாதையில் முன்பின் தெரியாதவர் வணக்கம் சொல்கிறார், தன் தோடம்பழத்தில் பாதியை நீட்டுகிறார். வண்டியில் ஏறிய பிறகு நான் எல்லோருக்கும் கையைத் தூக்கினேன். முதலில் விரலை மட்டும், பிறகு முழுக் கையை, பிறகு நானே முந்திக்கொண்டு. கொஞ்ச நேரம் உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

றோட்டு கீழே இறங்க இறங்க மரங்கள் வந்தன, பிறகு வீடுகள், பிறகு பெற்றோல் நிலையங்கள். போபில்கள் குறைந்தன. ஒரு லொறிக்காரருக்குக் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் கை தானாகக் கீழே இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தது. அப்போதுதான் விளங்கியது: மேலே அவர்கள் வணக்கம் சொன்னது வண்டிக்கு. அதற்குள் யார் இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அன்று மாலை ஆற்றங்கரை முகாம் ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். நாலைந்து வண்டிகள் தள்ளித் தள்ளி நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் மடக்குக் கதிரைகளில் ஆட்கள் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி கவனமாகப் போடப்பட்ட கதிரைகள். சின்ன அடுப்பில் சோறு வைத்து, பருப்பு வைத்து, தனியாகச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. “ருசியா இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். அந்த வண்டிக்குள் என் குரல் அந்நியமாகக் கேட்டது.

தமிழ்க் கூட்டத்துக்குள் நான் தனித்திருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் “மறுகா” என்று சொன்னால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘பிறகு’ என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. “இன்னொருக்காச் சொல்லு, இன்னொருக்காச் சொல்லு” என்று கேட்டுச் சிரிப்பார்கள். கொண்டாட்ட மண்டபங்களில் அன்ரிமார் கடிதத்தை நீட்டுவார்கள், வாசித்து விளக்கியதும் கடிதத்தை மடித்துக்கொண்டு அவர்களின் கதைக்குத் திரும்பிவிடுவார்கள். படித்த பிள்ளை என்ற மரியாதை எனக்கு உண்டு. மரியாதை கிடைக்கிற ஆளுக்குப் பக்கத்தில் யாரும் சாய்ந்து உட்காருவதில்லை. ஆனாலும் அந்த மண்டபத்தில் என்னைச் சுற்றி ஒரு சத்தம் இருந்தது. அம்மா கேட்டது அந்தச் சத்தத்தைப் பற்றி.

சனிக்கிழமை மத்தியானம் மலைகள் பின்னால் போய்விட்டன. பெரிய ஏரி ஒன்றைக் கடந்ததும் நிலம் திடீரென்று விரிந்தது. கோதுமையும் பார்லியும் விளைந்து, மஞ்சளாக, மெல்லிய அலைகளாகப் போய் வானத்தில் முட்டின. இடைக்கிடை ஒரு சிவப்புக் களஞ்சியம், ஒரு வெள்ளை வீடு, நாலு மரம். இத்தனை வருடத்தில் நோர்வேயில் இவ்வளவு வானத்தை நான் கண்டதில்லை. நீங்கள் நினைப்பீர்கள், படுவான்கரை வயல் ஞாபகம் வந்து கண் கலங்கியிருப்பாள் என்று. இல்லை. அந்த வயல் எங்களுடையதில்லை. அங்கே அப்பாவுக்கு இருந்தது நாட்கூலி, அம்மாவுக்கு இருந்தது முதுகுவலி. கலவரக் காலத்தில், ஆமிக்காரர் சுற்றிவளைக்கிறார்கள் என்றால் வீட்டாட்கள் பற்றைக்குள் ஓடலாம். வயலுக்குள் நின்றவர்களுக்கு ஓட இடமில்லை. அம்மாவுக்கு வெளி என்றால் ஒளிய முடியாத இடம். அந்த றோட்டில் ஓட்டிக்கொண்டு போகும்போதுதான், அம்மாவின் கேள்வியில் பாதிதான் கதைப்பதைப் பற்றியது என்று எனக்குப் பட்டது.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. யன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சின்னக் கதிரைகள், காயப்போட்ட இறப்பர் சப்பாத்துகள், சட்டை கொழுவும் கொக்கிகளுக்கு மேலே பிள்ளைகளின் பெயர்கள். அந்தப் பெயர்களில் ஒன்றாவது தூரத்திலிருந்து வந்ததாக இருக்குமா என்று தேடினேன். இல்லை. முற்றத்துக்கு அப்பால் உடனே வயல். காற்று மட்டும் வந்து போனது. அரை மணி நேரம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுசரும் அந்த வழியால் வரவில்லை.

எகிலின் கமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் அறுவடை இயந்திரத்தில் இருந்தார். ஞாயிறு மழை என்று வானொலி சொல்லியிருந்தது. தூசுக்குள்ளிருந்து ஒரு விரலைத் தூக்கினார், தொடர்ந்து வெட்டிக்கொண்டு போனார். நான் முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படியில் இருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தார். நெடிய மனிதர், கண்ணிமை எல்லாம் உமி.

“வழி பிடிபட்டதா?”

“ஓம்.”

“துரிட் எப்படி?”

“கை முறிஞ்சிருக்கு. வாய் முறியவில்லை.”

அவருடைய உதட்டு ஓரம் கொஞ்சம் அசைந்தது. வீட்டிலிருந்து வயரை இழுத்து வந்து வண்டிக்கு மின்சாரம் கொடுத்தார். பிறகு கேட்டார்: “கோப்பி குடிக்கிறாயா?”

“வேண்டாம், நன்றி,” என்றேன்.

தலையை ஆட்டினார். “கதவு திறந்துதான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோப்பி வேண்டும்போல் இருந்தது. தாகத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் முதல் கேள்விக்கு ஓம் சொல்கிறவள் ஆலாய்ப் பறக்கிறவள். “வேண்டாம்” என்று சொல்லவேண்டும். “என்ன வேண்டாம், கொஞ்சமாவது குடியுங்கோ” என்று அவர்கள் சொல்லவேண்டும். “ஐயோ, இப்பதான் குடிச்சனான்” என்று பொய் சொல்லவேண்டும். மூன்றாந்தரம் அவர்கள் கேட்காமலே தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் வைப்பார்கள். நோர்வேயில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒஸ்லோவில் ஆசிரியர் அறையில் முதல் கேள்விக்கே குவளையை நீட்டப் பழகியிருந்தேன். அந்த முற்றத்தில், களைப்பில், ஒரு கமக்காரரின் வீட்டு வாசலில், அம்மாவின் வாய் முந்திக்கொண்டது.

வெளிச்சம் மங்கும்வரை வண்டிப் படியிலேயே இருந்தேன். அவர் திரும்பி வந்து கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்த பெண்ணை முற்றத்தில் விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே போய் இருக்கிற மனிதர். மலையில் தூக்கிய கைகள் எல்லாம் பொய் என்று நினைத்தேன். அம்மா சொன்னது சரி. மிஞ்சிய சோற்றைக் குளிராகவே சாப்பிட்டேன். அதிபரிடம் சொல்லவேண்டிய வசனங்களை மனதுக்குள் நோர்வே மொழியில் அடுக்கினேன். குடும்பக் காரணங்கள், மிகவும் வருத்தம், வாய்ப்புக்கு நன்றி. நல்ல மொழிநடை. ஒரு பிழையும் இல்லை.

காலையில் மழை. திறப்பைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம் என்று குசினிக் கதவைத் தட்டினேன். எகில் மேசையின் ஒரு முனையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு விரிப்பு, அதன்மேல் இரண்டு குவளைகள் கவிழ்த்தபடி, ஒரு தட்டில் துணியால் மூடிய வாஃபல்கள், திறக்காத ஜாம் போத்தல்.

“ஆரும் வர இருந்தார்களா?” என்று கேட்டேன்.

“நீதான். நேற்று.”

“நான் வேண்டாமென்று சொன்னேனே.”

“ஓம், அப்ப வேண்டாமென்றாய். பிறகு வேணும்போல இருந்தால் வரலாம்தானே. கதவு திறந்துதானே இருந்தது.”

“நீங்கள் இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்.”

அவர் உண்மையாகவே திகைத்தார். “வேண்டாமென்று சொன்ன ஆளை இன்னொருதரம் கேட்டால் அது கரைச்சல் கொடுப்பது.”

நான் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். மூன்றுதரம் கேட்பது, இரண்டுதரம் மறுப்பது எல்லாம். அவர் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டார். அறுவடை இயந்திரத்தின் கோளாறு ஒன்றைக் கேட்பதுபோல முகத்தை வைத்திருந்தார்.

“அப்ப உங்கட ஆட்கள் வயலுக்கு எத்தனை மணிக்குப் போவார்கள்?” என்றார். பிறகு முகம் மாறாமல்: “கோப்பி குடிக்கிறாயா? கோப்பி குடிக்கிறாயா? கோப்பி...”

“ஓம், ஓம், ஓம்,” என்றேன்.

வாஃபல் றப்பர்போல ஆகியிருந்தது. அவருக்குச் சுடத் தெரியாது, முன்னேற்பாடாகப் பக்கத்துக் கமத்து அக்காவிடம் சொல்லிச் சுடுவித்தாராம். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கடித்து இழுத்துச் சாப்பிட்டோம். எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு மறுமொழி தயாராக இருக்கும், அதற்குப் பின்னால் வரும் “இல்லை, உண்மையாக எங்கே இருந்து” என்பதற்கும் ஒன்று. “ரொம்மன்,” என்றேன்.

“ஒஸ்லோவா?” பெருமூச்சு விட்டார். “ஒஸ்லோ ஆட்களுக்கு இங்கே பழக நாள் எடுக்கும்.”

ஒஸ்லோக்காரி என்பதற்காக என்னை அந்நியமாக ஒருவர் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். கோப்பி புரைக்கேறிவிட்டது.

சுவரில் மீசை வைத்த இரண்டு இளைஞர்களின் படம் தொங்கியது. எகிலின் பாட்டனாரின் அண்ணன்மார். இந்த நிலம் எல்லாருக்கும் போதாமல் அமெரிக்காவுக்கு, டகோட்டாப் பக்கத்துப் புல்வெளிக்குப் போனவர்கள். பிரேரி என்று அவர் சொன்னார். இங்கே மாதிரியே தட்டையான நிலமாம், ஆனால் பார்வைக்கெட்டும் தூரத்தில் ஒரு புகைபோக்கியும் இல்லாத தட்டை. ஒருவர் மூன்றாம் குளிர்காலத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

“ஏன்?”

“கதைக்க ஆளில்லை என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.”

“மற்றவர்?”

“அவர் குதிரையோடு கதைத்தாராம்.” எகில் குவளையைச் சுழற்றினார். “திரும்பி வந்தவரும் இங்கே பிறகு பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. அங்கே போன காலத்தைப் பற்றி விளங்கக்கூடிய ஆள் இங்கே இருக்கவில்லை.”

மழை விட்டதும் களஞ்சியக் கதவைத் திறந்தார். அவர் கையைக் காட்ட, நான் பின்பக்கமாக ஓட்டி, துரிட்டின் வீட்டை உழவு இயந்திரத்துக்கும் விதை மூட்டைகளுக்கும் இடையில் விட்டேன். பஸ் தரிப்பிடம்வரை அவரே கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு முதல்நாள் பட்ட அவமானம் இருக்கவில்லை. ஆனால் தனிமை இருந்தது. ஒரு குவளைக் கோப்பி அதைத் தீர்த்துவிட்டது என்று எழுதினால் நான் உங்களுக்குப் பொய் சொல்கிறவள். நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ரொம்மனில் அம்மா கேட்ட சத்தம் தானாக வரும், இங்கே வராது. வேண்டுமென்றால் நான் எழும்பிப் போய்க் கதவைத் தட்டவேண்டும். அது என்னால் முடியுமா என்பதுதான் கேள்வி. திங்கட்கிழமை ரொம்மன் வீட்டுக் குசினியில், அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருக்க, அதிபரை அழைத்து ஓம் என்றேன். முதல் கேள்விக்கே.

“உன்ட இஷ்டம்,” என்றார் அம்மா. பிறகு, “குளிருக்குக் காலுறை கட்டாயம் ரெண்டு போடு.”

ஒக்டோபரில் இங்கே வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நடை தூரத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி. வகுப்பில் இருக்கும்வரை தனிமை என்பது நினைவுக்கே வராது. இருபது வாய்களும் ஒன்றாகக் கதைக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளை பஸ் ஏறியதும் அந்த வயல்வெளி வந்து யன்னலில் நின்றுகொள்ளும். சில வார இறுதிகளில் கடைக்காரப் பெண்ணிடம் “பை வேண்டாம்” என்று சொன்னதுதான் நான் கதைத்த ஒரே வசனம். கீழ்வீட்டு ஆட்களின் கதவை மூன்றாம் கிழமை தட்டினேன். உப்பு இல்லையென்று ஒரு பொய் சொன்னேன். உப்பும் தந்து, உள்ளே இருக்கவும் சொன்னார்கள். இருந்தேன்.

போன சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் வந்தார்கள், ஓர் அரிசி மூட்டையும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டு. அம்மா வந்ததும் யன்னல் சேலையை இழுத்து மூடினார். சாப்பிட்ட பிறகு தானாகவே கொஞ்சம் விலக்கி, அறுத்து முடிந்த வயலை நெடுநேரம் பார்த்தார். இந்த ஊரில் கடிதப் பெட்டிகள் வீட்டில் இல்லை. றோட்டோரத்தில், ஒரு பலகையில், எல்லாக் கமங்களின் பெட்டிகளும் வரிசையாக நிற்கும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால் வராது. என் பெயர் பொறித்த தகட்டை நானே பூட்டலாம் என்றிருந்தேன். அப்பா விடவில்லை, காரிலிருந்து தன் ஸ்குரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தை முறுக்கி முடித்தபோதுதான் கண்டேன், தகடு தலைகீழாக இருந்தது. நான் கையை நீட்டித் தகட்டைப் பிடித்துத் திருப்பினேன். அவர் மறுபடி முறுக்கினார்.

“ரொம்மன் பெட்டியில இருக்கிற உன்ட பேரைக் கழட்டட்டா?” என்று காரில் ஏறும்போது கேட்டார்.

அந்தப் பெட்டியில் எங்கள் மூன்று பேரின் பெயர்களும் இருக்கின்றன. அந்த மூன்றையும் பத்து வயதில் நான்தான் எழுதி ஒட்டினேன். அரசாங்கத்துக்கு என் முகவரி மாறிவிட்டது. இனி எனக்கு அங்கே ஒரு கடிதமும் வராது.

“கிடக்கட்டும் அப்பா,” என்றேன். என் திறப்புக் கோர்வையிலிருந்து அந்தப் பெட்டியின் திறப்பை மட்டும் கழற்றி அவர் கையில் வைத்தேன்.